ஓய்வு பெற்று மலையகத்தில் குடியேற: முதலில் எது, பிறகு எது?

மேப்பிள்பதுளை:
வணக்கம். டொராண்டோவில இருக்கோம். எனக்கு 63, மனைவிக்கு 58. ரெண்டு பேரும் பதுளை மாவட்டத் தோட்டங்கள்ல பிறந்தவங்க. இப்ப கையில இருக்கிறது கனடாக் குடியுரிமை மட்டும். ஓய்வுக்குப் பிறகு நிரந்தரமா இலங்கை மலையகத்துல இருக்கணும். நுவரெலியா, பண்டாரவளை, அட்டன், கண்டி நாலையும் யோசிக்கிறோம். 20 பேர்ச் (ஏக்கர்ல எட்டுல ஒரு பங்கு) காணி, ரெண்டு அறை வீடு போதும். மனைவிக்கு ஆஸ்துமா, எனக்கு இதயத்துல ஸ்டென்ட் வச்சிருக்கு. காணி விளம்பரம் நிறைய வருது. விலை ஏறுறதுக்கு முன்னால ஒண்ணை வாங்கிப் போடலாமா?

காணிக்கச்சேரி:
காணிக்கு இப்ப முற்பணம் கொடுக்காதீங்க ஐயா. முதல்ல உங்க குடியுரிமை விஷயம் முடியணும்.

2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் வெளிநாட்டவருக்குக் காணியைச் சொந்தமா எழுதிக் கொடுக்கத் தடை போட்டிருக்கு. அது 2013 ஜனவரி 1 முதல் செல்லும். உங்க கையில கனடாப் பாஸ்போர்ட் மட்டும்னா நீங்களும் வெளிநாட்டவர்தான், எந்தத் தோட்டத்துல பிறந்திருந்தாலும். அப்படிப்பட்டவங்களுக்கு மூணு வழி இருக்கு. 99 வருஷம் வரைக்கும் குத்தகை எடுக்கலாம். அடுக்குமாடி வீடு வாங்கலாம், ஆனா உறுதி எழுதுறதுக்கு முன்னாலேயே முழுத்தொகையும் வெளிநாட்டுல இருந்து வங்கி வழியா வந்திருக்கணும். நாலாம் மாடிக்குக் கீழே வாங்கக்கூடாதுன்னு இருந்த நிபந்தனையை 2018 திருத்தம் எடுத்துட்டுது. மூணாவது வழி, நெருங்கின உறவுகிட்ட இருந்து வாரிசா வர்ற காணி.

இரட்டைக் குடியுரிமை கிடைச்சா இந்தத் தடை எதுவும் உங்களுக்கு இல்லை, விசாவும் தேவையில்லை. முன்னாள் இலங்கைப் பிரஜைகள்ல 55 வயசு தாண்டினவங்க அந்த வயசை வச்சே விண்ணப்பிக்கலாம். பிறப்புச் சான்று, திருமணச் சான்று, கனடாக் குடியுரிமைச் சான்று, அங்கத்தைய பொலிஸ் நற்சான்று இதெல்லாம் சேர்த்து வையுங்க. பேர் எழுத்து ஒவ்வொரு ஆவணத்துலயும் ஒவ்வொரு மாதிரி இருக்கிறதுதான் நம்ம ஆட்களோட கோப்பு மாசக்கணக்கா தேங்குறதுக்குப் பெரிய காரணம். ‘ராமையா’ ஒரு தாள்ல, ‘இராமய்யா’ இன்னொரு தாள்ல. ரெண்டு பெயரும் ஒரே ஆளோடதுன்னு சத்தியக்கடதாசி முன்கூட்டியே முடிச்சிடுங்க.

இன்னொண்ணு, மலையக ஆட்களுக்கு மட்டும். இலங்கையில பிறந்த காரணத்தால மட்டும் நீங்க இலங்கைப் பிரஜை ஆயிடலை. 1948 பிரஜாவுரிமைச் சட்டத்துக்குப் பிறகு நம்ம குடும்பங்கள்ல கனபேர் நாடற்றவங்களா இருந்தாங்க. 1949ஆம் ஆண்டின் இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் சட்டத்துல பதிவானவங்க, 1988 சட்டத்துல கிடைச்சவங்க, 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்துல கிடைச்சவங்கன்னு பல வகை. நீங்க ‘முன்னாள் பிரஜை’ன்னு காட்டணும்னா எந்த வகையில பிரஜை ஆனீங்கன்னு தாள் வேணும். பழைய இலங்கைப் பாஸ்போர்ட், தேசிய அடையாள அட்டை, அப்பா பேர்ல இருந்த பிரஜாவுரிமைச் சான்றிதழ் எல்லாத்தையும் தேடி எடுங்க. காணி விளம்பரம் பார்க்கிற நேரத்துல இதைப் பாருங்க.

கோத்தகிரிச்செல்வி:
இடையில ஒரு கேள்வி, அண்ணே. மஸ்கெலியாவுல பிறந்து, 1964 சிறிமா-சாஸ்திரி (இலங்கை-இந்திய) ஒப்பந்தப்படி இந்தியா வந்த குடும்பத்துக்கு இந்த இரட்டைக் குடியுரிமை கிடைக்குமா?

காணிக்கச்சேரி:
இல்லைம்மா. இந்தியா இரட்டைக் குடியுரிமையை அனுமதிக்கிறதே இல்லை. அதோட, ஒப்பந்தத்துல இந்தியப் பாஸ்போர்ட் எடுத்தவங்க பலர் இலங்கைப் பிரஜையா இருந்ததே கிடையாது, அதனால ‘மீளப் பெறுறது’ன்னு ஒண்ணு எழாது. உங்களுக்கு உள்ள வழி விசாவோட வாடகை வீடு, இல்லைன்னா வெளிநாட்டவருக்குன்னு மேல சொன்ன மூணு வழி.

55 தாண்டினவங்களுக்கு ‘மை ட்ரீம் ஹோம்’னு ஒரு வதிவிட விசா இருக்கு. 15,000 அமெரிக்க டொலர் இலங்கை வங்கியொன்றுல வைப்பு, அதுக்கு மேல மாசாமாசம் 1,500 டொலர் வெளிநாட்டுல இருந்து வரணும், கூட வர்ற துணைக்கு 750. ரெண்டு ரெண்டு வருஷமா புதுப்பிக்கலாம். நீண்டகால விசாவுக்கு மலேரியா, யானைக்கால், காசநோய், எச்.ஐ.வி. நாலுக்கும் பரிசோதனை உண்டு.

மேப்பிள்பதுளை:
நன்றி. இரட்டைக் குடியுரிமை வர நாள் எடுக்கும்னா, பண்டாரவளையில இருக்கிற என் அண்ணன் பேர்ல இப்ப காணியை வாங்கிட்டுப் பிறகு மாத்திக்கலாமா?

காணிக்கச்சேரி:
வேண்டாம். உறுதியில யார் பேரோ அவர்தான் உரிமையாளர். அவர் மரணசாசனம் எழுதாம இறந்தா பொதுச் சட்டப்படி பாதி அண்ணிக்கு, மீதி பிள்ளைகளுக்கு. உங்க பேர் அதுல எங்கேயும் வராது. தடையைச் சுத்திப்போக எழுதின பக்க ஒப்பந்தத்தை நம்பி வழக்குக்குப் போக முடியாது. மறுபடி உங்க பேருக்கு மாத்தும்போது முத்திரைத் தீர்வையும் ரெண்டாவது தடவை கட்டணும்: முதல் ஒரு லட்சத்துக்கு 3 வீதம், மிச்சத் தொகைக்கு 4 வீதம். அண்ணன் தம்பி உறவு நல்லா இருக்கணும்னா காணியை அதுக்குள்ள கொண்டு வராதீங்க.

கற்பாறை:
நான் மண்சரிவுப் பக்கத்தை மட்டும் எழுதுறன். மலைநாட்டிலை காணி பார்க்கிற ஆட்கள் முதலிலை காட்சியைப் பார்க்கினம். காட்சி நல்லா இருக்கிற இடம் எண்டால் அது சரிவின்ரை விளிம்பு. அங்கைதான் சிக்கல்.

பதுளை, நுவரெலியா, கண்டி, மாத்தளை, கேகாலை, இரத்தினபுரி எல்லாம் மண்சரிவு அபாய மாவட்டங்கள். இந்த மாவட்டங்களிலை வீடு கட்ட உள்ளூராட்சி சபை வரைபடத்தை அங்கீகரிக்க முதல் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவகத்தின்ரை மண்சரிவு இடர் அறிக்கை வேணும். கட்டேக்கை எடுக்கிற கடதாசி எண்டு விடாதேங்கோ. காணி வாங்க முதலே அதை எடுக்க வேணும். விற்கிறவர் ‘பக்கத்திலை எல்லாரும் கட்டி இருக்கினம்’ எண்டு சொன்னால் அது பதில் இல்லை. 2014 ஒக்டோபர் 29 கொஸ்லந்தை மீரியபெத்தையிலை மண்ணுக்குள்ளை போன லயங்களிலை (தோட்டத் தொழிலாளரின்ரை வரிசை வீடுகள்) சனம் தலைமுறை தலைமுறையா இருந்தது. முதலே எச்சரிக்கப்பட்டிருந்த இடம் அது. 2025 நவம்பர் கடைசியிலை டித்வா புயலோடை வந்த மழையிலை கண்டி, பதுளை, நுவரெலியா மாவட்டங்கள் பட்ட பாடு எல்லாருக்கும் தெரியும்.

காணிக்கு மழை நாளிலை போங்கோ. வெயில் நாளிலை எந்தக் காணியும் நல்ல காணிதான். பார்க்க வேண்டியது: மேல்சரிவிலை அரைவட்டமா வெடிப்பு இருக்கோ, மரங்களின்ரை அடி வளைஞ்சு நிக்குதோ, மின்கம்பம் சரிஞ்சிருக்கோ, பக்கத்து வீட்டுக் கதவு ஜன்னல் இறுகிப் போச்சோ, முந்தி இல்லாத இடத்திலை ஊற்று கிளம்பி இருக்கோ, ஊற்றுத் தண்ணி திடீரெண்டு கலங்கி வருதோ. இதிலை ரெண்டு இருந்தாலே திரும்பி வந்திடுங்கோ. கீழே இருந்து மட்டும் பார்க்கப்படாது, உங்கடை காணிக்கு மேலை இருக்கிற காணியையும் ஏறிப் பார்க்க வேணும். மேலை மரக்கறித் தோட்டம் போட்டு வடிகாலைத் திருப்பி விட்டிருந்தால் அந்தத் தண்ணி முழுக்க உங்கடை முதுகிலைதான் இறங்கும்.

கட்டுறதெண்டால்: சரிவை நேரா வெட்டி சமதளம் எடுக்கிறதுதான் ஆகக் கூடின பிழை. அடியை வெட்ட மேலை உள்ள மண்ணுக்குத் தாங்கல் போயிடும். படிப்படியா, சின்னச் சின்ன வெட்டு. ஆளுயரத்தைத் தாண்டினால் பொறியியலாளர் கணக்குப் போட்ட தாங்குசுவர் வேணும். சுவர் விழுகிறது மண்ணின்ரை பாரத்தாலை மட்டும் இல்லை, பின்னாலை தேங்கிற தண்ணியாலைதான் கூட. சுவருக்குப் பின்னாலை ஓர் அடி அகலத்துக்கு உடைச்ச கருங்கல், அதுக்கும் மண்ணுக்கும் நடுவிலை வடிதுணி, சுவரிலை 5 அடிக்கு ஒண்டா 3 அங்குலக் குழாய். குழாய் வாயை மண்ணோ பாசியோ அடைச்சால் சுவர் இருந்தும் பலனில்லை, மழைக்கு முதல் ஒவ்வொரு தரமும் குத்தி விட வேணும். சிமெந்துச் சுவரை விட கம்பிவலைக்குள்ளை கல் அடுக்கிற சுவர் நல்லது, தண்ணி தானா வடியும்.

கூரைத் தண்ணியைப் பீலி போட்டுக் குழாயாலை இறக்கிக் கல்வடிகாலுக்குக் கொண்டு போங்கோ. மலசலக்கூடக் குழியைச் சரிவின்ரை விளிம்பிலை வெட்டினால் அது நாளும் மண்ணை ஊற வைக்கும். கிணறு, ஊற்றிலை இருந்து 50 அடியாவது தள்ளி இருக்க வேணும்.

மழை அளவு: 24 மணித்தியாலத்திலை 75 மி.மீ. தாண்டினால் விழிப்பு, 100 தாண்டினால் தயார், 150 அல்லது ஒரே மணித்தியாலத்திலை 75 எண்டால் வெளிக்கிட வேணும். வாளி மாதிரி மேலை விரியாமல் பக்கம் நேரா இருக்கிற பாத்திரத்தை வெளியிலை வைச்சு அடிமட்டத்தாலை அளந்தாலும் கணக்குச் சரி. அனர்த்த முகாமைத்துவ நிலைய இலக்கம் 117.

ஊவாக்காரி:
கற்பாறை ஐயா சொன்னதோட சேர்த்து ஒண்ணு. மலையகம்னா ஒரே குளிர்னு நினைக்கக்கூடாது. தென்மேல் பருவக்காற்று மே முதல் செப்டெம்பர் வரை மேற்குச் சரிவுல மோதும். கினிகத்தேனை, வட்டவளை, மஸ்கெலியா எல்லாம் அதுல நனையும். வட்டவளைப் பக்கம் வருஷத்துக்கு 5,000 மி.மீ.ஐ எட்டுற மழை. அதே நேரம் மலைக்கு இந்தப் பக்கம் ஊவாவுல காய்ஞ்ச காற்று வீசும், ஜூலை, ஆகஸ்ட்ல ஊவாத் தேயிலைக்கு மணம் கூடுறது அதனாலதான். எங்களுக்கு மழை ஒக்டோபர்ல இருந்து ஜனவரி வரைக்கும்.

ஆஸ்துமாவுக்கு நுவரெலியா சரிப்படாதுன்னுதான் நான் சொல்வேன். 1,868 மீட்டர் உயரம், சராசரி வெப்பம் 16 பாகை. ஈரமும் மூடுபனியும் சுவருல பூஞ்சணம் பிடிக்க வைக்கும். ஜனவரி, பெப்ரவரி அதிகாலையில் புல்லுல உறைபனி கூட விழும். பண்டாரவளை ஏறக்குறைய 1,225 மீட்டர், காய்ஞ்ச மாசங்கள் கூட, வெயில் கிடைக்கும். கண்டி 500 மீட்டர்தான், உயரத்தால சிக்கல் இல்லை, ஆனா டெங்கு உண்டு, நகர்ப் புகையும் உண்டு.

வட்டவளையான்:
அக்கா, அட்டனை இப்படித் தள்ளி வைக்கிறது நியாயமில்ல. மழை கூடத்தான், ஆனா ரயில் இருக்கு, கடைத்தெரு இருக்கு, நம்ம சனம் இருக்கு, டிக்கோயாவுல இந்திய உதவியில கட்டின ஆதார வைத்தியசாலை இருக்கு. வயசான காலத்துல தமிழ்ல பேசி மருந்து வாங்குறது சின்ன விஷயமா?

ஊவாக்காரி:
அது பெரிய விஷயம்தான் தம்பி, மறுக்கல. தமிழ்ல பேச பதுளையிலயும் பண்டாரவளையிலயும் ஆள் உண்டு. எனக்கு ஆஸ்துமா உள்ள அந்த அம்மாவோட மூச்சுதான் கவலை.

வார்ட்சிஸ்டர்:
ஸ்டென்ட் வச்சவர்னு சொன்னீங்க, அதனால இதைக் கவனமா வாசிங்க.

நுவரெலியா உயரத்துல காற்றழுத்தம் கடல்மட்டத்துல இருக்கிறதுல ஏறக்குறைய 80 வீதம்தான். நல்ல இதயத்துக்கு அது ஒண்ணும் செய்யாது. இதயம் பலவீனம், நாள்பட்ட நுரையீரல் நோய், ரத்தசோகை இருந்தா படி ஏறும்போது மூச்சு வாங்கும். வர்றதுக்கு முன்னால உங்க இதய மருத்துவர்கிட்ட ‘1,900 மீட்டர்ல நிரந்தரமா இருக்கப் போறேன்’னு அந்த எண்ணையே சொல்லிக் கேளுங்க.

வீடு தேடும்போது ஆஸ்பத்திரியில இருந்து அளந்துக்கிட்டு வாங்க. நெஞ்சுவலிக்கு ரத்தக்குழாய் அடைப்பு எடுக்கிற வசதி எல்லா ஆஸ்பத்திரியிலயும் கிடையாது. பெரிய வசதி கண்டி தேசிய வைத்தியசாலையில. நுவரெலியாவுல இருந்து கண்டி ஏறக்குறைய 77 கி.மீ. தூரம், ஆனா றம்பொடைப் பக்கம் மண் விழுந்து பாதை மூடினா அந்த எண்ணுக்கு அர்த்தமில்லை. நீங்க பார்க்கிற ஒவ்வொரு ஊருக்கும் ‘முதல் பாதை மூடினா ரெண்டாவது பாதை எது’ன்னு கேளுங்க. ரெண்டாவது பாதை இல்லாத ஊர் ஸ்டென்ட் வச்சவருக்கு வேண்டாம். இதுல நான் உறுதியா நிக்கிறேன்.

அம்புலன்ஸ் 1990, இலவசம். வண்டி வாசல் வரைக்கும் வரணும். 150 படி ஏறிப் போற வீட்டுல ஸ்ட்ரெச்சரைத் தூக்க நாலு பேர் வேணும்.

மருந்து: கனடாவுல உள்ள வணிகப் பேர் இங்க இருக்காது. மருந்தோட மூலப்பேரை (குளோபிடோகிரெல், அட்டோர்வாஸ்டட்டின் மாதிரி) அளவோட தட்டச்சுல எழுதி வாங்கிட்டு வாங்க. ஸ்டென்ட் எந்த வகை, எந்தத் தேதி, எந்தக் குழாயில்னு உள்ள அட்டையைப் பணப்பையிலயே வையுங்க. ரத்தம் உறையாம இருக்கக் குடிக்கிற மாத்திரையை இடையில விடுறதுதான் ஸ்டென்ட் அடைக்கிறதுக்கு முக்கிய காரணம், அதனால ஒரு மாசத்துக்காவது கையிருப்பு இருக்கணும். 2022ல மருந்துத் தட்டுப்பாடு வந்தது, அதை மறக்க வேண்டாம்.

அம்மாவுக்கு: விறகு அடுப்பு வீட்டுக்குள்ள வேண்டாம். கணப்பு இருக்கிற பழைய பங்களாவுல புகைபோக்கி அடைச்சிருக்கும், காஸ் கெய்சரைப் பூட்டின குளியலறைக்குள்ள மாட்டி இருப்பாங்க. ரெண்டுலயும் வர்றது கார்பன் மொனொக்சைட்டுங்கிற நச்சுவாயு. வாசனையே வராது.

மேசன்பாஸ்:
ஈரத்தைப் பத்தி நான் சொல்றேன். அத்திவாரத்துக்கு மேல ஈரத்தடுப்புப் படலம் போடாத வீடு நிறைய. சுவருல தரையில இருந்து முழங்கால் உயரத்துக்குப் பெயின்ட் உப்பி இருந்தா அதுதான். மேலால பெயின்ட் அடிச்சு வாடகைக்கு விடுவாங்க, உள்ளங்கையை வச்சுப் பாருங்க. தகரக் கூரைன்னா ராத்திரி அடிப்பக்கம் பனி ஊறிச் சொட்டும், தகரத்துக்கும் சீலிங்குக்கும் நடுவுல வெப்பத்தடுப்புப் படலம் வேணும். அஸ்பெஸ்டஸ் கூரையை வெட்டவோ துளைக்கவோ காய்ஞ்ச நிலையில தேய்க்கவோ வேண்டாம்.

தண்ணி: மலை ஊத்துன்னா சுத்தம்னு ஒரு நம்பிக்கை. நுவரெலியா, கந்தப்பளை, வெலிமடைப் பக்கம் மேல மரக்கறித் தோட்டம் இருந்தா உரமும் மருந்தும் ஊத்துல இறங்கும். கொதிக்க வச்சா கிருமி சாகும், உரத்துல இருந்து வர்ற நைத்திரேட்டு போகாது, தண்ணி வத்த வத்த செறிவு கூடும். வாங்குறதுக்கு முன்னால ஆய்வுகூடத்துல சோதிங்க, மழைக்காலத்துல ஒரு தடவை, காய்ஞ்ச மாசத்துல ஒரு தடவை.

மின்சாரம்: கம்பி முடியிற கடைசி வீடுன்னா பொழுதுபட்டதும் மின்னழுத்தம் விழும். சாயந்தரம் 7 மணிக்கு மீட்டர் வச்சு அளங்க, 230 வோல்ட்டுக்கு ரொம்பக் கீழ போனா குளிர்சாதனப்பெட்டி மோட்டார் எரிஞ்சிடும்.

கணக்கப்பிள்ளை:
பணப்பக்கம். கனடா முதியோர் ஓய்வூதியம் வெளிநாட்டுலயும் வரணும்னா, 18 வயசுக்குப் பிறகு 20 வருஷமாவது கனடாவுல இருந்திருக்கணும். வருமானம் குறைஞ்சவங்களுக்கு மேல்கொடுக்கிற தொகை நாட்டை விட்டு ஆறு மாசத்துக்கு மேல போனா நின்னுடும். ஒன்ராறியோ மருத்துவக் காப்புக்கு எந்த 12 மாசத்துலயும் 153 நாள் அங்க இருக்கணும். அதனால ‘நிரந்தரமா வந்துடுறது’ன்னா அந்தக் காப்பை விடுறதுன்னு அர்த்தம், திரும்பிப் போற வழியையும் யோசிச்சு முடிவெடுங்க.

2022ல ரூபாய் டொலருக்கு 200ல இருந்து சில வாரத்துல 360 பக்கம் போனதைப் பார்த்தோம். சேமிப்பு முழுக்க ரூபாயா மாத்திப் பெரிய வட்டிக்குப் போடாதீங்க. மாசச் செலவை மட்டும் கொண்டு வாங்க. காணி வாங்குற பணத்தை உள்முக முதலீட்டுக் கணக்கு (வெளிநாட்டு முதலீட்டுப் பணத்துக்குன்னு இலங்கை வங்கியில திறக்கிறது) வழியா கொண்டு வந்தா, பின்னால வித்து வெளியே எடுக்கணும்னா தாள் இருக்கும்.

லண்டன்குமரன்:
பிரித்தானியாவிலை இருந்து போறவைக்கும் ஒரு வரி: அரச ஓய்வூதியம் இலங்கையிலை முதல் வாங்கின தொகையிலையே நிண்டுவிடும், வருடாந்த உயர்வு கிடையாது.

வட்டவளையான்:
ஒரு விளம்பரம் பார்த்தேன், தோட்ட பங்களா ஒண்ணு ஒரு ஏக்கரோட ‘விற்பனைக்கு’ன்னு. இது சரியா வருமா?

காணிக்கச்சேரி:
பெரும்பாலும் வராது தம்பி. 1972, 1975 காணிச் சீர்திருத்தத்துல தோட்டங்கள் அரசுக்குப் போச்சு. 1992ல கம்பனிகளுக்கு 53 வருஷக் குத்தகைக்குக் கொடுத்தாங்க, 2045ல முடியுது. கம்பனிக்கே சொந்தமில்லாததை அது விற்க முடியாது. உபகுத்தகைன்னா மிச்ச வருஷத்துக்கு மேல போகாது. லய அறையை ‘வித்துட்டேன்’னு எழுதிக் கொடுக்கிற தாளுக்கும் பெறுமதி கிடையாது.

சின்னக்கர உறுதி, அதாவது முழுச் சொந்த உரிமை உறுதி, இருக்கிற காணியா பாருங்க. ஜயபூமி, சுவர்ணபூமின்னு அரசு கொடுத்த காணி அளிப்புன்னா பிரதேச செயலாளரோட சம்மதம் இல்லாம கைமாறாது. நொத்தாரிசு காணிப் பதிவகத்துல குறைஞ்சது 30 வருஷத்துக்குப் பின்னோக்கித் தேடணும், விற்கிறவரோட நொத்தாரிசு வேண்டாம், உங்க ஆள். புதுசா அளந்த வரைபடம் வேணும், பழைய வரைபடத்துல 20 பேர்ச்னு இருக்கும், ஓடைக்கு ஒதுக்கினதைக் கழிச்சா 14தான் மிஞ்சும். பாதை உரிமை உறுதியில எழுதி இருக்கணும், ‘எல்லாரும் இந்த வழியாத்தான் போறாங்க’ங்கிறது காணாது.

மேப்பிள்பதுளை:
எல்லாருக்கும் நன்றி. அப்போ காணியை விட்டுட்டு முதல்ல பண்டாரவளையில வாடகைக்கு இருக்கலாம்னு முடிவு பண்றோம். எந்த மாசம் வர்றது நல்லது? ஒப்பந்தத்துல என்ன கவனிக்கணும்?

ஊவாக்காரி:
செப்டெம்பர் கடைசியில வாங்க. மழை தொடங்குறப்போ வந்தாத்தான் வீடு ஒழுகுறதும் பாதை மூடுறதும் அம்மாவோட மூச்சும் உங்களுக்குத் தெரியும். அடுத்த செப்டெம்பர் வரைக்கும் இருந்தா காற்றுக்காலம், காய்ஞ்ச காலம் எல்லாம் பார்த்த மாதிரி. நுவரெலியாவையும் ஒரு தடவை இருந்து பார்க்கணும்னா ஏப்ரல் வேண்டாம், வசந்தகாலக் கூட்டத்துல வாடகை பல மடங்கு.

காணிக்கச்சேரி:
ஒப்பந்தம் ஒரு வருஷத்துக்கு, நொத்தாரிசு முன்னால எழுதுங்க. இவ்வளவும் அதுல இருக்கணும்: முற்பணம் எவ்வளவு, எத்தனை நாளுக்குள்ள திரும்பும், மின்மானி, தண்ணி மானி வாசிப்பு, கூரை ஒழுகலும் தாங்குசுவரும் யார் செலவு, மண்சரிவு எச்சரிக்கையில வெளியேறச் சொன்னா அந்த நாட்களுக்கு வாடகை கிடையாதுங்கிறது. கடைசி நிபந்தனைக்கு வீட்டுக்காரர் முகம் சுளிப்பார், விடாதீங்க. வந்ததும் கிராம சேவகர்கிட்ட பதிவு பண்ணுங்க, வதிவிடச் சான்று பிறகு எல்லாத்துக்கும் கேட்பாங்க.

கற்பாறை:
அந்த வீட்டுக்கும் மேல்சரிவைப் பார்த்திட்டுத்தான் கையெழுத்து வையுங்கோ. வாடகை வீடு எண்டு மண் பார்த்து விழாது.